விடுதலை ஆனவரை 14 வருஷம் உள்ளே வைத்துவிட்டு "பைத்தியம்" என்றார்கள்: ருதுல் ஷா வழக்கில் யாரும் பேசாத பாதி

வைகைக்கரை எழுதியது:

இந்த வாரம் வகுப்பில் ருதுல் ஷா எதிர் பீகார் அரசு வழக்கு நடத்தினாங்க. வழக்கம்போல ரெண்டு வரிதான் குறிப்பு. அரசியல் சட்டம் 32ஆம் பிரிவின் கீழ் உச்ச நீதிமன்றமே நேரடியா இழப்பீடு தரலாம். தொகை 35,000 ரூபாய். பரீட்சைக்கு அது போதும். வீட்டுக்கு வந்து தீர்ப்பை முழுசாப் படிச்சேன். எட்டுப் பத்துப் பக்கம்தான். ஆனா எனக்கு மனசுல நின்னது இழப்பீடு இல்ல.

தெரியாதவங்களுக்காகச் சுருக்கமா: ருதுல் ஷாவை முசாபர்பூர் கூடுதல் செஷன்ஸ் நீதிமன்றம் 1968 ஜூன் 3 அன்று விடுதலை பண்ணுது. அவர் சிறையை விட்டு வெளிய வந்த தேதி 1982 அக்டோபர் 16. நடுவில் 14 வருஷத்துக்கும் மேல. உச்ச நீதிமன்றத்துக்கு ஆட்கொணர்வு மனு போனப்புறம், விசாரணை நாள் வர்றதுக்குள்ள அவசர அவசரமா வெளிய விட்டுட்டாங்க. 'ஏன் வெச்சிருந்தீங்க?'ன்னு கோர்ட் கேட்டதுக்கு ஜெயிலர் தாக்கல் செஞ்ச பிரமாணப் பத்திரம் சொல்ற பதில்: அவருக்குச் சித்த சுவாதீனம் இல்லை. 1977 பிப்ரவரியில் குணமாயிட்டார்னு சட்டத் துறைக்குத் தகவல் போச்சு. சரி, அதுக்கப்புறமும் ஐந்தரை வருஷம் என்ன பண்ணீங்க? அதுக்குப் பதில் இல்ல.

என் கேள்வி இதுதான். இந்த வழக்கைப் பத்தி நாற்பது வருஷமா எழுதுறவங்க எல்லாரும் பணத்தைப் பத்தியே எழுதறாங்க. 'பைத்தியம்'ங்கிற பதிலை அரசு எவ்வளவு சுலபமா எடுத்து நீட்டுச்சுங்கிறதை ஏன் யாரும் பேசறதில்ல?

கருப்பங்கி எழுதியது:

தம்பி, நல்ல கேள்வி. நீதிமன்றம் அதைப் பேசாமல் விடவில்லை, பாடம் நடத்துபவர்கள்தான் விட்டுவிட்டார்கள். தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் எழுதிய அந்தத் தீர்ப்பு (1983 ஆகஸ்ட் 1) பைத்தியக் கதையை நம்பவே இல்லை. பிறகு யோசித்துச் சேர்த்த கதை, ஊதிப் பெருக்கியது என்கிறது. உண்மையிலேயே மனநோய் என்றால் சிகிச்சை கொடுத்ததற்கு ஒரு துண்டு மருத்துவக் காகிதமாவது இருக்க வேண்டுமே என்று கேட்கிறது. அதற்கு அடுத்த வரிதான் எனக்கு முக்கியம். எப்போதாவது அவருக்குப் புத்தி பேதலித்திருந்தால், சட்டவிரோதமாக அடைத்து வைத்ததால்தான் பேதலித்திருக்கும் என்ற முடிவுக்கு வருகிறது. அடைத்ததற்கு மனநோயைக் காரணம் காட்டியது அரசு. மனநோய் இருந்தால் அடைத்ததே அதற்குக் காரணம் என்றது கோர்ட்.

இன்னொன்று. அந்தப் பிரமாணப் பத்திரத்தின்படி, விடுதலை உத்தரவிலேயே 'மாநில அரசும் சிறைத் துறைத் தலைவரும் மேலுத்தரவு போடும்வரை சிறையில் வைக்கவும்' என்று இருந்ததாம். 1968இல் அமலில் இருந்தது 1898ஆம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டம். சம்பவ நேரத்தில் சித்த சுவாதீனம் இல்லை என்று ஒருவர் விடுதலையானால், பத்திரமான காவலில் வைத்துவிட்டு மாநில அரசுக்கு எழுது என்று அதில் 471ஆம் பிரிவு இருந்தது. எத்தனை நாளைக்கு என்று அதில் கிடையாது. ஆகவே அந்த ஜெயிலர் ஆகாயத்திலிருந்து ஒரு சாக்கைப் பிடுங்கவில்லை. அப்படி வைத்திருக்கச் சட்டத்தில் ஒரு கதவு இருந்தது, அதைக் காட்டினார்.

நேர்ப்பேச்சு எழுதியது:

எல்லாம் சரி. மறுபக்கத்தையும் யாராவது பேசணும். கொலை பண்ணிட்டு "மனநோய்"னு ஒரு சர்டிபிகேட் வாங்கிட்டா தப்பிச்சிடலாம்னுதானே இன்னைக்கு ஒவ்வொரு பெரிய வழக்கிலயும் நடக்குது? செத்தவன் குடும்பத்துக்கு என்ன பதில்? சித்த சுவாதீனம் இல்லாம செஞ்சா குற்றமில்லன்னு சொல்ற பழைய இந்திய தண்டனைச் சட்டத்து 84ஆம் பிரிவே ஒரு சந்து.

பழங்கோப்பு எழுதியது:

நேர்ப்பேச்சு அவர்களுக்கு: அந்தச் சந்தில் நுழைந்தவர்கள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று பார்த்தால் உங்கள் கவலை கொஞ்சம் குறையும்.

1800 மே 15. லண்டன் டுரூரி லேன் நாடக அரங்கில் மூன்றாம் ஜார்ஜ் மன்னரை நோக்கி ஜேம்ஸ் ஹாட்ஃபீல்டு என்பவன் சுட்டான். குறி தப்பியது. பழைய சிப்பாய், 1794 போரில் தலையில் வாள்வெட்டு வாங்கியவன். அரசாங்கத்தின் கையால் தான் செத்தால் இயேசுவின் இரண்டாம் வருகை நடக்கும் என்று நம்பினான். அவனுக்காக வாதாடியவர் தாமஸ் எர்ஸ்கின். வழக்கைப் பாதியிலேயே நிறுத்தி, பைத்தியம், ஆகவே குற்றவாளி இல்லை என்று ஜூரி சொல்லிவிட்டது. இப்போது அரசாங்கத்துக்குச் சிக்கல். விடுதலையான ஒருவனை எந்தச் சட்டத்தின் கீழ் பிடித்து வைப்பது? ஒரே மாதத்தில் நாடாளுமன்றம் குற்றவியல் பைத்தியச் சட்டம் போட்டது, அதுவும் முன்தேதியிட்டு அவனையும் உள்ளடக்கி. அப்படி விடுதலையாகிறவரை மன்னரின் விருப்பம் தெரியும்வரை காவலில் வைக்கலாம் என்பது அதன் சாரம். ஹாட்ஃபீல்டு 1841இல் பெத்லம் மனநோய் விடுதியில் இறந்தான். மன்னரின் விருப்பம் கடைசிவரை தெரியவில்லை.

அடுத்தவர்தான் எல்லாரும் சொல்லும் டேனியல் மெக்நாட்டன். 1843 ஜனவரியில் பிரதமர் பீலின் செயலாளர் எட்வர்டு டிரம்மண்டைச் சுட்டார். பிரதமர் என்று நினைத்தே சுட்டதாகத்தான் பொதுவாகச் சொல்கிறார்கள். டிரம்மண்ட் ஐந்தாம் நாள் இறந்தார். மார்ச்சில் விடுதலை. விக்டோரியா மகாராணிக்குக் கடுங்கோபம். பிரபுக்கள் சபை நீதிபதிகளைக் கூப்பிட்டு வரிசையாகக் கேள்வி கேட்டது. யாரைப் பைத்தியம் என்று விடுவிக்கலாம் என்பதற்கு அவர்கள் சொன்ன பதில்தான் மெக்நாட்டன் விதிகள். நம் பழைய இந்திய தண்டனைச் சட்டம் 84ஆம் பிரிவு அந்த வம்சம். சரி, "தப்பித்த" மெக்நாட்டன்? பெத்லமில் இருபது வருஷத்துக்கு மேல், பிறகு பிராட்மூர் என்ற குற்றவாளி மனநோயாளிகள் விடுதி, 1865இல் அங்கேயே மரணம். வெளியே ஒரு நாள்கூட இல்லை.

நேர்ப்பேச்சு எழுதியது:

கேட்க நல்லா இருக்கு. நான் பேசறது இப்போதைய நிலைமை.

கருப்பங்கி எழுதியது:

இப்போதும் நிரூபிக்கும் சுமை எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின், தலையில்தான். பழைய சாட்சியச் சட்டம் 105ஆம் பிரிவு. 1964இல் தாஹ்யாபாய் தக்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சுமையைக் கொஞ்சம் இலகுவாக்கியது உண்மை. ஆனாலும் சம்பவ நேரத்தில் தான் என்ன செய்கிறோம், அது தப்பு என்று அறியாத நிலையில் இருந்தார் என்று காட்ட வேண்டும். டாக்டர் சீட்டு ஒன்று மட்டும் வைத்துக்கொண்டு போனால் முதல் வாய்தாவிலேயே சிரிப்பார்கள். நான் கீழ்க்கோர்ட்டில் நிற்கிறவன், பார்த்ததைச் சொல்கிறேன். இந்த வாதத்தை எடுக்கவே பல வக்கீல்கள் பயப்படுவார்கள். ஆயுள் தண்டனைக்காவது தண்டனைக் குறைப்பு என்று ஒரு கணக்கு உண்டு.

ஓய்வு_எழுத்தர் எழுதியது:

நான் சிறைத் துறை அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த ஊர் என்பது வேண்டாம். வைகைக்கரைத் தம்பி கேட்டதற்கு என் பக்கத்து விடை.

சிறையில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு தேதி உண்டு. தண்டனைக் கைதிக்கு விடுதலைத் தேதி. ரிமாண்ட் ஆளுக்கு அடுத்த வாய்தா தேதி. தினமும் காலையில் நாங்கள் எடுக்கிற பதிவேடு தேதி வாரியாகத்தான் இருக்கும். அந்தத் தேதி வந்தால் ஆள் தானாக எங்கள் கண்ணில் படுவார். மனநோய் என்று விசாரணை நிறுத்தி வைக்கப்பட்டவருக்கு அடுத்த தேதி என்று ஒன்றும் கிடையாது. 'குணமானதும் ஆஜர்படுத்துக' என்பதுதான் உத்தரவு. அது எந்தத் தேதியின் கீழ் வரும்? எங்கேயும் வராது. கோர்ட் வழக்குக் கட்டை ஓரமாக வைத்திருக்கும், ஆஸ்பத்திரி சிறைக்கு எழுதும், சிறை மேலே எழுதும், மேலிருந்து ஒரு விளக்கம் கேட்டு வரும். நினைவூட்டுக் கடிதம் ஒன்று, இரண்டு, மூன்று. சூப்பிரண்டு மாறுவார். புது ஆளுக்கு அந்தக் கைதி 'ரொம்ப நாளா இருக்கிறவர்', அவ்வளவுதான். தோட்ட வேலை பார்த்துக்கொண்டு, யாருக்கும் தொந்தரவு இல்லாமல் இருப்பார். தொந்தரவு கொடுத்தாலாவது யாராவது அவர் கட்டைப் பிரித்துப் பார்ப்பார்கள்.

இத்தனைக்கும் சிறைத் துறைத் தலைவரோ பார்வையாளர்களோ குறித்த இடைவெளியில் நேரில் பார்த்து அறிக்கை அனுப்ப வேண்டும் என்று 1912 பைத்தியச் சட்டத்திலேயே ஏற்பாடு இருந்தது. அறிக்கை அனுப்புவார்கள். அதைப் படித்து உத்தரவு போடவேண்டிய மேசை எது என்பதில்தான் கோளாறு.

கருப்பங்கி எழுதியது:

ஐயா சொன்னது அப்படியே வீணா சேத்தி வழக்கு (1982). பீகாரின் ஹசாரிபாக் இலவச சட்ட உதவிக் குழு உச்ச நீதிமன்ற நீதிபதி பகவதிக்கு ஒரு கடிதம் எழுதியது. அதையே மனுவாக எடுத்துக்கொண்டார்கள். ஹசாரிபாக் மத்திய சிறையில் மனநோய் என்று அடைக்கப்பட்ட 16 பேர், இருபது முப்பது வருஷமாக. அதிலும் நீண்ட காலம் இருந்தவர் 37 வருஷம். குற்றம் நிரூபணமாகி உச்சபட்ச தண்டனை கிடைத்திருந்தால்கூட எப்போதோ வெளியே வந்திருக்க வேண்டியவர்கள் அதில் உண்டு. குணமாகிவிட்டார் என்று மருத்துவர் எழுதியும் மேலே யாரும் அசையாததால் உள்ளேயே கிடந்தவர்களும் உண்டு. நீதிமன்றம் விடுவித்தது. ஊர் போக வழிச்செலவும் ஒரு வாரச் சாப்பாட்டுக்குப் பணமும் கொடுக்கச் சொன்னது. முப்பது வருஷத்துக்கு ஒரு வாரம். அதை நான் குறையாகத்தான் சொல்கிறேன்.

ருதுல் ஷா தீர்ப்பு அதற்கு மறு வருஷம். இரண்டையும் சேர்த்துப் படிக்காமல் ஒன்றை மட்டும் படிப்பது பாதிப் பாடம்.

மலர்_செவிலி எழுதியது:

எல்லாரும் கோர்ட் பக்கமாவே பேசறீங்க. வார்டு பக்கம் நான் சொல்றேன். மனநல ஆஸ்பத்திரியில் ரொம்ப காலம் வேலை பார்த்தவ. கோர்ட் கேஸ் நோயாளிங்கன்னா எங்களுக்குத் தனி வார்டு, வாசல்ல போலீஸ். மருந்து ஒழுங்கா குடுத்தா நிறைய பேர் சில மாசத்துல நல்லாவே தெளிஞ்சிடுவாங்க. டாக்டர் 'விசாரணைக்குத் தகுதி'ன்னு எழுதுவார். அங்கதான் ஆரம்பிக்கும். கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போக எஸ்கார்ட் போலீஸ் கிடைக்காது, ஊர்ல திருவிழாவோ மந்திரி வருகையோ இருக்கும். கடைசியில சிறைக்கு அனுப்புவோம். அங்க ராத்திரி மாத்திரை யார் பார்த்துக் குடுக்கறது? நிப்பாட்டிடுவாங்க. வாய்தா வர்ற நேரத்துல மறுபடி பழைய நிலைமை. திருப்பி எங்ககிட்ட. ஒரே ஆளை மறுபடி மறுபடி புதுசா அட்மிஷன் போட்டிருக்கோம். காகிதத்துல பார்த்தா 'நீண்டகால மனநோயாளி'ன்னு இருக்கும். விட்டு விட்டு மருந்து குடுத்தா எல்லாருமே நீண்டகால நோயாளிதான்.

இன்னொன்னு, வீட்டுக்காரங்க. கேஸ் முடிஞ்சு அனுப்பலாம்னா அட்ரஸ்ல யாரும் இல்ல. இருந்தாலும் 'எங்களுக்கு அப்படி யாரும் கிடையாது'ம்பாங்க. அவங்களை மட்டும் குத்தம் சொல்லவும் எனக்கு வாய் வரல. இவர் கையால செத்தவங்களும் பல நேரம் அதே வீட்டு ஆளாத்தான் இருப்பாங்க.

ஈப்போ_செல்வம் எழுதியது:

மலேசியாவிலிருந்து. பழங்கோப்பு சொன்ன அந்த 'மன்னர் விருப்பம்' எங்கள் ஊரில் இன்னும் உயிரோடு இருக்கிறது ஐயா. எங்கள் தண்டனைச் சட்டத்திலும் அதே 84ஆம் பிரிவு, எண்கூட மாறவில்லை. வெள்ளைக்காரன் இந்தியாவில் எழுதியதை இங்கே கொண்டுவந்து வைத்தது. அந்தப் பிரிவில் ஒருவர் விடுதலையானால், குற்றவியல் நடைமுறைச் சட்டம் 348ஆம் பிரிவின்படி அந்த மாநில சுல்தானின் விருப்பம் உள்ளவரை மனநல மருத்துவமனையில் வைக்கலாம். பத்திரிகையில் இப்படித்தான் செய்தி வரும்: இன்னார் கொலைக் குற்றத்திலிருந்து விடுதலை, சுல்தானின் விருப்பம் உள்ளவரை மருத்துவமனையில் வைக்க உத்தரவு. பெரும்பாலும் ஈப்போ பக்கத்தில் இருக்கும் உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை. நாங்கள் தஞ்சோங் ரம்புத்தான் என்போம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஒருத்தரை ஒருத்தர் 'உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பணும்' என்று கேலி செய்வார்கள்.

நல்லதோ கெட்டதோ, இங்கே போகிற இடம் ஆஸ்பத்திரி. ருதுல் ஷாவுக்கு அதுவும் இல்லையே.

நேர்ப்பேச்சு எழுதியது:

செவிலி அக்கா சொன்னது எனக்குப் புதுசு. ஒத்துக்கறேன். ஆனா ஒரு கேள்வி நிக்குது. குணமாயிட்டார்னு ஒரு டாக்டர் எழுதறார், வெளிய வந்து திரும்பவும் ஒரு ஆளை வெட்டினா? அதுக்கு யார் பொறுப்பு?

ஹூஸ்டன்_குமரன் எழுதியது:

இதே கேள்வி அமெரிக்காவில் பெரிய அளவில் ஒருமுறை, யாரும் திட்டமிடாமலே, சோதித்துப் பார்க்கப்பட்டது. ஜானி பாக்ஸ்ட்ராம் என்ற கைதி, நியூயார்க் மாநிலம். தண்டனைக் காலம் முடிந்த பிறகும் அவரைக் குற்றவாளி மனநோயாளிகளுக்கான சிறை மருத்துவமனையிலேயே வைத்திருந்தார்கள். 1966இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. அந்தத் தீர்ப்பால் அவரைப்போல் இருந்த 967 பேரை, 'ஆபத்தானவர்கள்' என்று முத்திரை குத்தப்பட்டவர்களை, மொத்தமாகச் சாதாரண மனநல மருத்துவமனைகளுக்கு மாற்ற வேண்டி வந்தது. ஊழியர்கள் பயந்துபோய் எதிர்ப்பெல்லாம் தெரிவித்தார்கள். பிறகு ஆய்வாளர்கள் வருஷக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்ததில், மறுபடி சிறை மருத்துவமனைக்குத் திருப்பி அனுப்ப வேண்டி வந்தவர்கள் மிகக் கொஞ்சம். பூஜ்யம் என்று சொல்லவில்லை. பயந்த அளவுக்கு இல்லை.

இன்னொன்று ஜாக்சன் எதிர் இண்டியானா, 1972. காது கேளாத, பேச முடியாத, எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர். இரண்டு வழிப்பறிக் குற்றச்சாட்டு, மொத்த மதிப்பு 9 டாலர். வழக்கைப் புரிந்துகொள்ளும் திறன் இல்லை, அது வரும்வரை அடைத்து வை என்றது கீழ்க்கோர்ட். அவர் நிலைமையில் அது வரப்போவதே இல்லை. ஒன்பது டாலருக்கு ஆயுள் காவல். உச்ச நீதிமன்றம் ஒருமனதாக மறுத்தது. தேறுவாரா என்று பார்க்க நியாயமான காலம் எடுத்துக்கொள்ளுங்கள், தேற வழியில்லை என்றால் சிவில் முறைப்படி மருத்துவமனையில் சேர்க்கும் நடவடிக்கை எடுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள் என்றது. நடைமுறையில் பல மாநிலங்கள் இன்னும் இழுத்தடிக்கின்றன, அது தனிக்கதை.

வைகைக்கரை எழுதியது:

9 டாலர்னு படிச்சதும் மச்சாங் லாலுங் ஞாபகம் வந்தது. அஸ்ஸாம் திவா பழங்குடிக்காரர். 1951இல் கொடுங்காயம் ஏற்படுத்தியதா கைது, 326ஆம் பிரிவு. தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பறாங்க. 1967இல் டாக்டர்கள் தேறிட்டார்னு எழுதறாங்க. வீட்டுக்கு அனுப்பறதுக்குப் பதிலா குவஹாட்டி சிறைக்கு. தேசிய மனித உரிமை ஆணையம் கண்ணுல பட்டு 2005 ஜூலையில் வெளிய வர்றார். சொந்த ஜாமீன் எவ்வளவு தெரியுமா? 1 ரூபாய். 54 வருஷம், வழக்கு விசாரணையே நடக்கல. உச்ச நீதிமன்றம் 3 லட்சமும் மாசம் 1,000 ரூபாயும் குடுக்கச் சொன்னது. 2007 டிசம்பரில் இறந்துட்டார்.

வீணா சேத்தி 1982, ருதுல் ஷா 1983. அந்த ரெண்டு தீர்ப்பும் வந்து, எல்லாச் சட்டக் கல்லூரியிலயும் பாடமா நடந்துட்டு இருந்த இருபது சொச்ச வருஷமும் இந்த மனுஷன் உள்ளதான் இருந்திருக்கார். அதான் எனக்கு இழப்பீட்டுத் தொகையை மனப்பாடம் பண்றப்ப எரிச்சலா வருது.

கருப்பங்கி எழுதியது:

எரிச்சல் நியாயம். அதன் பிறகு வந்த உத்தரவுகளில்தான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவ அறிக்கை நீதிமன்றத்துக்கே வர வேண்டும் என்ற ஏற்பாடு உறுதியானது. ஓய்வு எழுத்தர் ஐயா சொன்ன அந்த 'மேசை' எது என்பதற்கு இப்போதைக்கு விடை அதுதான்: விசாரணை நீதிபதியின் மேசை.

நடுவில் ஷீலா பார்சே வழக்கையும் (1993) யாராவது சொல்வார்கள் என்று பார்த்தேன். மேற்கு வங்கச் சிறைகளில் எந்தக் குற்றமும் செய்யாத மனநோயாளிகளைப் 'பாதுகாப்புக்காக' அடைத்து வைத்திருந்தார்கள். போலீஸ் கொண்டுவந்து விட்டது, சில இடத்தில் குடும்பமே. அது சட்டவிரோதம், அரசியல் சட்டத்துக்கே விரோதம் என்று நிறுத்தினார்கள்.

மலர்_செவிலி எழுதியது:

சிறை மட்டுமா? ஏர்வாடி தர்கா பக்கத்துல இருந்த மனநோயாளி விடுதி. 2001 ஆகஸ்ட் 6. சங்கிலியில கட்டிப் போட்டிருந்த 28 பேர் தீயில போனாங்க. அங்க கோர்ட் உத்தரவும் இல்ல, வாரண்டும் இல்ல, வழக்கும் இல்ல. அதுக்கப்புறம்தான் உச்ச நீதிமன்றம் தானா முன்வந்து எடுத்துச்சு.

பழங்கோப்பு எழுதியது:

2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் 103ஆம் பிரிவை ஒருமுறை படித்துப் பாருங்கள், வேடிக்கை. சிறை மருத்துவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மனநல வாரியத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். எத்தனை மனநோயாளிகள் இருக்கிறார்கள் என்று எழுதச் சொல்லியிருப்பார்கள் என்று நினைப்பீர்கள். 'இச்சிறையில் மனநோயாளி எவரும் இல்லை' என்று சான்றளிக்க வேண்டும் என்கிறது சட்டம். நோக்கம் என்னவோ நல்லதுதான், இருந்தால் வேறிடத்துக்கு மாற்றிவிட வேண்டும் என்பது. ஆனால் நம் அலுவலகங்களில் இப்படி ஒரு படிவம் கொடுத்தால் என்ன நடக்கும் என்று ஓய்வு எழுத்தரைக் கேளுங்கள்.

ஓய்வு_எழுத்தர் எழுதியது:

நாலு படிவத்திலும் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வைத்துவிடுவோம்.

நெறியாளர்:

இழை நன்றாகப் போகிறது. நடப்பு வழக்குகளின் எண், நோயாளிகள் பெயர் எதையும் இங்கே போட வேண்டாம். அப்படி வந்த ஒரு பதிவை நீக்கியிருக்கிறோம்.

தென்பெண்ணை எழுதியது:

நீக்கின பதிவு என்னோடதுதான், பரவால்ல. பேர் இல்லாம கேக்கறேன். எங்க பெரியப்பா மகன் ஒருத்தர் அடிதடி கேஸ்ல ரிமாண்ட்ல இருக்கார். கொலை இல்ல. சின்ன வயசுலேருந்து மருந்து சாப்பிடறவர், எல்லா சீட்டும் பெரியம்மா கையில இருக்கு. கோர்ட்ல யாரும் அதைச் சொல்லவே இல்ல. இப்ப உள்ள மருந்து கிடைக்குதான்னும் தெரியல. என்ன பண்ணனும்? வக்கீல் சார் யாராவது சொல்லுங்க.

கருப்பங்கி எழுதியது:

முதல் வேலை, அந்தச் சீட்டுகளை நகல் எடுத்து, கோர்ட்டில் மனுவாகப் போடுங்கள். மனநோயால் வழக்கை எதிர்கொள்ள முடியாத நிலை என்று நம்பக் காரணம் இருந்தால் மாஜிஸ்திரேட் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். இப்போதைய புதுச் சட்டத்தில் (குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2023 பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 367, 368ஆம் பிரிவுகள், பழைய 328, 329. அதே மனுவில் 369ஆம் பிரிவின் கீழ் ஜாமீனும் கேளுங்கள். உள்நோயாளியாகச் சேர்க்கத் தேவையில்லாத நிலை என்றால், வீட்டார் ஒருவர் ஒழுங்காகச் சிகிச்சை எடுக்க வைப்பேன், யாருக்கும் தீங்கு வராமல் பார்த்துக்கொள்வேன் என்று பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டால் விடலாம். ஜாமீனில் விட முடியாத குற்றம் என்பது அதற்குத் தடை இல்லை. வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு கோர்ட் வளாகத்திலேயே இருக்கும், இலவசம்.

மருந்து விஷயத்தை அதற்கெல்லாம் காத்திருக்க விடாதீர்கள். சிறை மருத்துவருக்கும் சூப்பிரண்டுக்கும் இன்றைக்கே ஒரு கடிதம், மருந்துச் சீட்டு நகலோடு, பதிவுத் தபாலில்.

மலர்_செவிலி எழுதியது:

தம்பி, கடைசியா எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எப்ப நிப்பாட்டினாங்க, இந்த மூணையும் தமிழ்ல தெளிவா ஒரு தாள்ல எழுதிக் கடிதத்தோட வைங்க. சீட்டுல டாக்டர் கையெழுத்து அங்க யாருக்கும் புரியாது. ஜெயில்ல மனு போட்டு அவரைப் பார்க்கப் போறப்ப பெரியம்மாவையும் கூட்டிட்டுப் போங்க, தூக்கம் எப்படின்னு அவங்க கேக்கட்டும்.

தென்பெண்ணை எழுதியது:

நாளைக்குக் காலையில போறோம். அக்கா, நிப்பாட்டின தேதி சரியாத் தெரியலன்னா தோராயமா எழுதலாமா?

மலர்_செவிலி எழுதியது:

எழுதலாம். 'சுமார்'னு போட்டு எழுதுங்க. கைதான தேதியையும் அதுக்குப் பக்கத்துலயே போடுங்க.